அவைக்குறிப்பில் உள்ளபடி

அச்சகத்திலிருந்து வந்த பிழைதிருத்தப் படியில் இரண்டு சொற்கள் மாறியிருந்தன. இரண்டே இரண்டு.

முந்தின நாள் காலை பதினொன்று நாற்பதிலிருந்து பதினொன்று ஐம்பது வரை அவள் முறை. நாடாளுமன்றத்தில் அவைத்தலைவரின் மேடைக்குக் கீழே போட்டிருக்கும் குட்டை மேசையில் உட்கார்ந்து, பேசுவதையெல்லாம் சுருக்கெழுத்தில் எடுப்பாள். பத்து நிமிடம் ஆனதும் அடுத்தவர் வந்து பக்கத்து நாற்காலியில் உட்காருவார். இவள் எழுந்து மேல்மாடிக்குப் போய்த் தட்டச்சு செய்வாள். இருபத்திரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு. கொண்டையில் எப்போதும் இரண்டு பென்சில் செருகியிருப்பாள். கையில் இருப்பது மழுங்கினால் கை தானாகப் பின்னால் போய் அடுத்ததை உருவிக்கொண்டு வந்துவிடும், கண் திரும்பாது. அதனால் அந்தக் கட்டடத்துக்கே அவள் பென்சிலக்கா.

அந்தப் பத்து நிமிடமும் பேசியவர் வாத்தியார். எதிர்வரிசை, கடைசி இருக்கை. அரசியலுக்கு வருமுன் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். மூன்று விஷயம் சொல்கிறேன் என்று ஆரம்பித்து, ஐந்து சொல்லி, ஆறாவதுக்கு வாயைத் திறக்கும்போது மணியடித்து உட்காரவைக்கப்படுகிறவர். நேற்று அவர் சொன்னது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது: 'தலைவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் இந்த அவசரநிலை நீட்டிப்பை எதிர்க்கிறேன்.'

படியில் இருந்தது: 'தலைவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆகையால் இந்த அவசரநிலை நீட்டிப்பை ஏற்கிறேன்.'

அவள் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தாள். 'ஆனாலும்' கோணலாக, அவசரமாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் அங்கே கிடந்தது. அச்சுக் கோப்பவர்கள் தூங்கி வழிந்திருப்பார்கள் என்று முதலில் நினைத்துக்கொண்டாள். தூக்கக் கலக்கத்தில் ஒரு சொல் மாறலாம். இரண்டு சொல், ஒன்றுக்கொன்று பொருந்துகிற மாதிரி மாறுமா?

அவளோடு முறை மாற்றிக்கொள்கிறவன், தடித்த கண்ணாடி போட்டதால் சோடாப்புட்டி என்று பேர் வாங்கியவன், படியைக் கையில் வாங்காமலே எட்டிப் பார்த்தான். எதற்கெடுத்தாலும் கேலி பேசுகிறவன் அன்று கேலி செய்யவில்லை. "அக்கா, காலையில என் முறையில என்ன எழுதினேன்னே எனக்கு ஞாபகமில்ல. நீங்களும் ஞாபகம் வச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத் தன் மேசைக்குத் திரும்பிக்கொண்டான்.

அவளுக்கு மனசு ஆறவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கீழ்த்தளத்தில் இருந்த ஒலிப்பதிவு அறைக்குப் போய், பழக்கத்தின் பேரில் யாரும் தடுக்காததால், நேற்றைய பதிவைப் போட்டுக் கேட்டாள். ஹெட்போனில் அவைக்கூடம் அப்படியே எழுந்து நின்றது: உயரத்தில் ஓடும் மின்விசிறிகளின் முனகல், யாரோ காகிதம் புரட்டும் சரசரப்பு, தண்ணீர்க் குவளை மேசையில் உட்காரும் சத்தம், இரண்டாவது வரிசையில் எப்போதும் கிறீச்சிடும் அந்த ஒரு நாற்காலி, அதற்கு நடுவே தொண்டையைச் செருமிக்கொண்டு வாத்தியாரின் குரல். தலைவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆகையால்.

அவர் குரலேதான். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் மின்விசிறி ஓடவில்லை. காகிதம் சரசரக்கவில்லை. கூடமே இல்லை. அந்த ஒரு சொல் நீளத்துக்கு உலகத்தில் ஒரு ஓட்டை விழுந்து, அந்த ஓட்டைக்குள்ளிருந்து அவர் பேசினார். பிறகு மின்விசிறிகள் மறுபடி முனகத் தொடங்கின.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு மேலே போனாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

நாட்டை ஆளும் தலைவர் ஓட்டு வாங்கித்தான் வந்தவர். அதில் ஒரு தில்லுமுல்லும் கிடையாது. அவள் வீட்டிலேயே இரண்டு ஓட்டு அவருக்கு விழுந்தது. எல்லாரையும் பார்த்தாயிற்று, இவரையும் ஒரு தடவை பார்ப்போமே என்றார் அவள் கணவர், அவளும் சரியென்றாள். பழைய ஆட்கள் ஒருவரையொருவர் கத்தியே அவையை நாறடித்திருந்தார்கள். இவர் கத்தமாட்டார். மெல்லிய குரல், அவர் பேச எழுந்தால் முழுக் கூடமும் காதை முன்னால் நீட்டும். முதல் நாளே அவள் மேசையருகே நின்று, நீங்கள் எழுதுவதைத்தான் நாளைக்கு நாடு படிக்கும் என்று கைகூப்பிவிட்டுப் போனார். அன்று வீட்டுக்குப் போய் அதைப் பெருமையாகச் சொன்னவள் அவள்தான்.

அப்புறம் நடந்ததெல்லாம் அவள் பென்சில் வழியாகத்தான் நடந்தது. எல்லைக் கலவரத்தைக் காட்டி மூன்று மாத அவசரநிலை. அது ஆறாகி, பன்னிரண்டாகியது. நீதிபதிகளின் ஓய்வு வயதைக் குறைக்கிற சட்டம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கொண்டுவரப்பட்டு, தேநீர் இடைவேளைக்கு முன் முடிந்தது; அடுத்த வாரம் உச்ச நீதிமன்றத்தில் பாதி நாற்காலி காலி. பத்திரிகைகளுக்கு உரிமம். தேர்தல் நடத்துகிறவர்களைத் தலைவரே நியமிக்கும் திருத்தம். ஒவ்வொன்றும் முறைப்படிதான். முதல் வாசிப்பு, இரண்டாம் வாசிப்பு, குரல் வாக்கெடுப்பு. ஆம் என்போர்? இல்லை என்போர்? 'இல்லை' என்ற சத்தம் வாரத்துக்கு வாரம் மெலிந்துகொண்டே வந்தது. கடைசியில் மற்றவர்கள் முனகி முடித்த பிறகு அரை நொடி தாமதமாக, தனியாக, பின்வரிசையிலிருந்து வாத்தியாரின் 'இல்லை' மட்டும் தெளிவாகக் கேட்கும். அவள் அதையும் எழுதுவாள். அந்த 'ஆகையால்' வந்த பிறகு, மறுநாள் படியில் அது இருக்காது. 'ஒருமனதாக' என்று இருக்கும்.

குறிப்பேடுகளைத் தினமும் சாயங்காலம் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அவள் ஒப்படைத்தாள்.

அதற்கு மறுநாள் வாத்தியார் மேல்மாடிக்கு வந்தார். அவர் வருவது புதிதல்ல. பேசி முடித்ததும் வந்து, அந்த இடத்தில் என்ன போட்டீர்கள் என்று விசாரித்து, ஒரு ஜோக்கடித்துவிட்டுப் போவது அவர் வழக்கம். அன்று ஜோக் இல்லை. கையில் மடித்த அச்சுப்பிரதி. எல்லாரும் திடீரென்று வேகமாகத் தட்டச்சு செய்தார்கள். அவள் மேசையருகே குனிந்து, அவளுடைய பழைய குறிப்பேட்டை ஒரே ஒரு தடவை பார்க்க முடியுமா என்று கேட்டார்.

எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீங்க தப்பா எழுதமாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்மா. நான் அப்படிச் சொல்லலைன்னு உங்களுக்குத் தெரியும். எனக்கு அது போதும்."

போய்விட்டார். படிக்கட்டில் அவர் செருப்புச் சத்தம் இறங்கி, அடுத்த தளத்தில் நின்றது. யாரோ அவரிடம் ஏதோ கேட்கிற மாதிரி இருந்தது. பிறகு இரண்டு மூன்று ஜோடி பூட்ஸ் சத்தம், நிதானமாக, பேசிக்கொண்டே நடக்கிறவர்களின் சத்தம், கீழே இறங்கிப் போனது. அதற்குள் செருப்புச் சத்தம் இருந்ததா என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். கண்டுபிடிக்க முடியவில்லை.

அடுத்த நாள் அவர் இருக்கை காலி. அதற்கடுத்த நாளும். வருகைப் பதிவில் மட்டும் அவர் வந்திருந்தார்.

சுருக்கெழுத்துப் பிரிவின் பழைய அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் ஓய்வு பெற்றார். புதிதாக வந்தவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கதவைச் சாத்தும்போது இரண்டு கையாலும் பிடித்து, குழந்தையைப் படுக்கவைப்பது போலச் சத்தம் வராமல் சாத்துவார். அவர் அறையில் புது வார்னிஷ் வாசனை மூக்கைத் துளைத்தது. ஜன்னல்கள் மூடியே இருந்தன. அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். தலைவரின் பதவிக்காலத்துக்கு வரம்பு கூடாது என்கிற திருத்தம் திங்கட்கிழமை வருகிறது என்றார். எதிர்வரிசையிலிருந்தும் ஆதரித்து ஒருவர் பேசினால் நன்றாக இருக்கும். வாத்தியார் உடம்பு சரியில்லாமல் ஓய்வில் இருக்கிறார், ஆனால் பேச ஆசைப்படுகிறார், நாம்தான் உதவ வேண்டும் என்றார்.

"அவர் எப்படிப் பேசுவார்னு அவர் சம்சாரத்தைவிட உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்."

அவள் தண்ணீர்க் குவளையை மேசையில் வைத்தாள்.

"உங்க பொண்ணு வக்கீல் இல்ல? நீதிபதிங்க விஷயமா ஒரு மனுவுல கையெழுத்துப் போட்டிருக்காங்க. சின்னப் பொண்ணு, ஏதோ வேகத்துல போட்டிருப்பாங்க. அது இன்னும் என் மேசையிலதான் இருக்கு."

அவர் மேசை இழுப்பறை எதையும் திறக்கவில்லை. சிரித்தார். அவ்வளவுதான்.

எழுத உட்கார்ந்தபோது, வராது என்று நினைத்தாள். கை நடுங்கும், ஏதாவது சாக்குச் சொல்லிவிடலாம் என்று கூட நினைத்தாள். ஆனால் வந்தது. குழாயைத் திறந்த மாதிரி வந்தது. அவர் எந்த இடத்தில் 'அதாவது' என்பார், எங்கே செருமுவார், எங்கே மூன்றாவது விஷயத்தை மறந்து நான்காவதுக்குத் தாவுவார், எல்லாம் அவள் விரலுக்குள்ளேயே குடியிருந்தது. ஒரு மணி நேரம் கூட ஆகவில்லை. ஒரு ஜோக் இல்லாமல் அவர் பேச்சு முடியாதே என்று, யாரும் கேட்காமலே, அதையும் சேர்த்தாள்: 'நாற்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். எண்ணுவது எவ்வளவு அலுப்பு என்று எனக்குத் தெரியும். இனித் தலைவரின் ஆண்டுகளை எண்ண வேண்டாம் என்றால், என் விரல்களுக்கு ஓய்வு.' அதன் கீழே, வழக்கப்படி, அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பும் போட்டாள். எழுதி முடித்து ஒருமுறை வாசித்தபோது அவளுக்கே லேசாகச் சிரிப்பு வந்தது. அப்போதுதான் பயந்தாள். தாளைக் கிழிக்கலாம். மகள் பேரை நினைத்தாள். தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

திங்கட்கிழமை அவள் முறையிலேயே அது வந்தது.

அவைத்தலைவர் வாத்தியாரின் தொகுதிப் பேரைச் சொல்லி அழைத்தார். கடைசி வரிசையில் காலி இருக்கை. அதன் மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது. கூடத்தின் ஒலிபெருக்கிகளில் ஒரு செருமல். மாண்புமிகு அவைத்தலைவர் அவர்களே, மூன்று விஷயம் சொல்கிறேன்.

உறுப்பினர்கள் அத்தனை பேரும் இருக்கையில் திரும்பி உட்கார்ந்து, அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தார்கள். கவனமாக. மரியாதையாக. சிலர் தலையாட்டினார்கள். ஒருவர் கன்னத்தில் கைவைத்து, அங்கே ஒரு முகம் இருக்கிற மாதிரி, அந்த முகம் இருக்க வேண்டிய உயரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எழுதினாள். குரலுக்குப் பின்னால் எழுதி எழுதிப் பழகிய கை, குரலுக்கு முன்னால் ஓடியது. அவள் எழுதிய சொல்லை அவர் பிறகு பேசினார். நிறுத்திப் பார்த்தாள். குரல் நிற்கவில்லை. ஜோக் வந்த இடத்தில் கூடமே சிரித்தது. சரியான அளவு.

இல்லை என்போர்?

மின்விசிறிகளின் முனகல். அரை நொடி. இன்னொரு அரை நொடி. பென்சில் தாளுக்கு மேல் நின்றது. கடைசி வரிசையில் சிவப்பு விளக்கு அணைந்தது.

வெளியே போகும்போது தலைவர் அவள் மேசையருகே சற்று நின்றார். எப்போதும் போல மெல்லிய குரலில், அவள் மட்டும் கேட்கிற மாதிரி, "நல்லா இருந்துச்சும்மா" என்றார்.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுத் தொலைபேசியில் ஒரு பெண்குரல். தொண்டை கட்டிப்போன குரல். வாத்தியாரின் மனைவி. அவரைக் கொண்டுவந்து வீட்டில் விட்டுவிட்டார்கள், நன்றாகத்தான் இருக்கிறார், முடிந்தால் நீங்கள் ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள் என்றார். அவர் பேசும்போது பின்னால் இன்னொரு குரல் விடாமல் பேசிக்கொண்டிருந்தது. வானொலி என்று நினைத்துக்கொண்டாள். எங்கே கிளம்புகிறாய் என்று கேட்ட கணவரிடம், தெரிந்தவர் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றாள். அது பொய்யில்லை.

நான்கு மாடிக் குடியிருப்பு. லிஃப்ட் இல்லை. நல்ல வெயில் நேரம். ஆனால் படிக்கட்டு இருட்டாக, பினாயில் வாசனையோடு, ஈரமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை மணிக்கு ஒரு குடியிருப்பில் இருக்க வேண்டிய சத்தம் எதுவும் இல்லை: தொலைக்காட்சி இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை, பாத்திரம் இல்லை, பிள்ளைகள் இல்லை. முதல் மாடியில் இரண்டு வீட்டுக் கதவும் ஒரு சாண் திறந்திருந்தன. இடைவெளியில் ஆட்கள் நின்றார்கள். அவளைப் பார்க்கவில்லை. மேலே பார்த்துக்கொண்டு நின்றார்கள், காதைக் கொடுத்து. இரண்டாவது மாடியிலும் அப்படியே. ஒரு ஆள் முகத்தில் பாதிச் சவரம் செய்த நுரையோடு நின்றான். நுரை காய்ந்திருந்தது.

மூன்றாவது மாடியில் வாத்தியாரின் மனைவி கதவைத் திறந்தார். வாயின் இரண்டு ஓரமும் வெடித்துப் புண்ணாகியிருந்தது. உள்ளே வாங்க என்று சைகை மட்டும் காட்டினார்.

கூடத்தில், ஜன்னலைப் பார்த்துப் போட்ட நாற்காலியில் வாத்தியார். தலை வாரி, சட்டை மாற்றி, சுத்தமாக இருந்தார். மடியில் ஒரு துண்டு. இரண்டு கையும் அதற்குள் இருந்தன. பேசிக்கொண்டிருந்தார். செருமலோடு. அதாவதோடு. அவள் எழுதியது. ஒரு எழுத்துப் பிசகாமல்.

"வாய்ப்புக்கு நன்றி கூறி அமர்கிறேன்" என்றார். ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்கினார். "மாண்புமிகு அவைத்தலைவர் அவர்களே, மூன்று விஷயம் சொல்கிறேன்." துண்டுக்கு அடியில் ஏதோ அசைந்தது. ஒரு விரலும் வெளியே வரவில்லை.

"வந்ததுலேர்ந்து இதேதான். தூங்கறப்ப மட்டும் நிக்குது" என்றார் மனைவி. அவர் குரலில் கோபமில்லை. "இது நீங்க எழுதினதுதானேம்மா?"

அவள் தலையசைத்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். மனைவி கையைக் காட்டித் தடுத்தார். அவருக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. அவர் கண் கணவர் உதட்டிலேயே இருந்தது.

"அந்தக் கணக்கு ஜோக்கு வருதில்ல, அங்க நிறுத்திடறார். சிரிக்கணும். சிரிக்கலேன்னா மூச்சு விடறதில்ல. முதல் நாள் எனக்குத் தெரியல, அப்படியே நீலமாயிட்டார். நான் ஒருத்தி சிரிச்சாப் பத்தல. பக்கத்து வீட்டுக்காரங்களைக் கூப்பிட்டேன். அதுவும் பத்தல." எச்சில் விழுங்கினார். "அந்த இடத்துல என்ன எழுதியிருந்தீங்க?"

அடைப்புக்குறிக்குள் போட்டது அவளுக்கு நினைவிருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் ஆயிரம் தடவை போட்டது. சொன்னாள்.

"அவை முழுவதும் பலத்த சிரிப்பு."

மனைவி அதைக் கேட்டு மெல்லத் தலையாட்டினார். அவர் நினைத்தது அதுதான் போல. எழுந்துபோய் வாசல் கதவை அகலத் திறந்து வைத்தார். ஜன்னல்களைத் திறந்தார். வெயில் உள்ளே விழுந்தது.

நாற்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான், என்றார் வாத்தியார்.

படிக்கட்டில் கதவுகள் திறக்கும் சத்தம். ஒன்று. இன்னொன்று. மேல்மாடியில் நாற்காலி நகர்ந்தது.

என் விரல்களுக்கு ஓய்வு.

நிறுத்தினார். வாய் பாதி திறந்திருந்தது. நெஞ்சு அசையவில்லை.

மனைவி சிரித்தார். வெடித்த உதடு பிளந்து, கண் சிரிக்காமல். பக்கத்து வீடு சிரித்தது. சுவருக்கு அந்தப்பக்கம், நாலைந்து குரல். கீழ்மாடி. மேல்மாடி. படிக்கட்டு முழுக்க. சிறிசும் பெரிசும். எதிர்க் கட்டடத்தின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன, ஒவ்வொன்றிலும் ஆட்கள், வாயைப் பிளந்து சிரித்தார்கள். தெருவில் நடந்தவர்கள் நின்றார்கள். அண்ணாந்து சிரித்தார்கள்.

அவர் மூச்சு விடவில்லை.

உதடு கறுத்துக்கொண்டு வந்தது. கண்கள் மெல்ல நகர்ந்தன. மனைவியைத் தாண்டி. ஜன்னலைத் தாண்டி. அவள் மேல் வந்து நின்றன. அவள் மட்டும்தான் சிரிக்கவில்லை.

எதிர் ஜன்னல்களில் அத்தனை முகங்களும், சிரிப்பை நிறுத்தாமல், அவள் பக்கம் திரும்பின.